கரடிப் பாடத்துக்கு ஒரு திருத்தம்

எமது கல்லூரியன்னையின் விழா மலருக்குப் பாடக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர் எழுதும் கட்டுரை திருக்குறளின் சிறப்பைப் பற்றியோ கம்பன் கவிநயத்தைப் பற்றியோ அமைதல் வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருள் கரடி. தமிழாசிரியருக்கும் கரடிக்கும் என்ன தொடர்பு எனப் பழைய மாணவர் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு. யாம் பல ஆண்டுகளாக இக்கல்லூரியின் கீழ்வகுப்புகளிற் கரடியைப் பற்றி ஒரு பிழையைக் கற்பித்து வந்தோம். அப்பிழையை எம்மிடம் கற்றுச் சென்றோர் இன்று பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்கள் யாவரும் ஒருங்கே காணக்கூடிய ஏடு இம்மலரே. ஆகவே திருத்தத்தையும் இதிலேயே எழுதுகின்றோம்.

பிழை வந்த வழி

இரு நண்பர் காட்டுவழியே சென்ற கதையை அறியாதவர் இரார். எதிரே கரடி ஒன்று வந்தது. ஒருவன் மற்றவனைக் கைவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போற் கிடந்தான். கரடி அவன் காதருகே முகர்ந்து பார்த்துவிட்டு அகன்றது. ஆபத்திற் கைவிடும் நண்பனை நம்பாதே என்பது கதையின் படிப்பினை. ஈசாப்பின் கதைகளுள் ஒன்றாகிய இதனை யாம் ஆண்டுதோறும் சொல்லுவோம். சொல்லும்போது இரண்டு செய்திகளையும் சேர்த்துக்கொள்வோம். கரடிக்கு மரமேறத் தெரியாது என்பது ஒன்று. கரடி பிணத்தைத் தீண்டாது என்பது மற்றொன்று. கதை விளங்குவதற்கு இவை வேண்டுமாதலால், ஆராயாமலே சொல்லி வந்தோம்.

2013ஆம் ஆண்டு ஆறாந் தரத்து வகுப்பிலே இக்கதையைச் சொல்லி முடித்துப் படிப்பினையைக் கேட்டோம். பல கைகள் உயர்ந்தன. வன்னியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்ற மாணவன் ஒருவன் மட்டும் கையுயர்த்தாமல் எழுந்து நின்றான். "என்ன தம்பி?" என்றோம். "ஐயா, எங்கட அப்பாவைக் கடிச்ச கரடி மரத்திலைதான் ஐயா இருந்தது" என்றான்.

வகுப்பு அமைதியாயிற்று. அவன் தந்தையார் பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குச் சென்றவர். கிளைகளுக்கிடையே கரடி பழந்தின்று கொண்டிருந்ததை அறியாமல் மரத்தின் அடிக்குச் சென்றார். அது விரைந்திறங்கி அவர்மேல் விழுந்தது. உயிர் தப்பியது, ஒரு கண்ணும் கன்னத்தின் ஒரு பகுதியும் போயின. இவ்வளவையும் அச்சிறுவன் நான்கு வாக்கியங்களிற் சொல்லி அமர்ந்தான். அவனுக்குக் கூற எம்மிடம் விடை இருக்கவில்லை. அன்று மாலை விஞ்ஞான ஆசிரியரிடம் சென்றோம். பின்னர் நூலகத்துக்குச் சென்றோம். ஈற்றில் எமது சங்க நூல்களிடமே திரும்பி வந்தோம். அவ்வாறு கற்றவற்றை ஒழுங்குபடுத்திக் கீழே தருகின்றோம்.

இனமும் பெயரும்

உலகில் இன்று வாழும் கரடியினங்கள் எட்டு. வடமுனையின் வெண்கரடி, ஐரோப்பா ஆசியா வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழும் பழுப்புக் கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி, தென்னமெரிக்காவின் கண்ணாடிக் கரடி, சீனத்தின் பெரும் பண்டா, நமது தேசத்திலும் இந்தியாவிலும் வாழும் கரடி என்பன அவை. இலங்கைத் தீவில் உள்ள கரடியினம் இது ஒன்றே.

ஆங்கிலேயர் இதனைச் 'சோம்பற் கரடி' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். சோம்பல் இதன் இயல்பன்று; அப்பெயர் வந்ததற்கு ஒரு பிழையே காரணம். தென்னமெரிக்காவிலே மரக்கிளைகளிற் கொக்கி போன்ற நகங்களாற் தொங்கி மிக மெல்ல அசையும் சிலோத் என்னும் விலங்கு ஒன்று உண்டு. ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கில அறிஞர் 1791இல் நமது கரடியின் நீண்ட நகங்களையும், மேல்வாயின் முன்புறத்தில் இரு பற்கள் இல்லாமையையும் கண்டு, இதுவும் அவ்விலங்கின் சாதியே எனத் துணிந்து அதன் பெயரையே இதற்கு இட்டார். பின்னர் இது கரடியே எனத் தெளிந்து விஞ்ஞானிகள் அதனை மாற்றினர். இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயர் மெலூர்சஸ் ஊர்சினஸ் என்பது. மெலூர்சஸ் என்றால் தேன்கரடி. ஆயினும் பொதுப் பெயரில் மட்டும் பழைய பிழை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஒரு முறை தவறாகச் சொல்லப்பட்ட பாடம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழிலோ கரடிக்குப் பெயர்கள் பல. எண்கு, உளியம், குடாவடி என்பன பழம்பெயர்கள். இவற்றுட் குடாவடி என்பதை மாணவர் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். குடா என்றால் வளைந்தது. முன்கால்களின் பாதம் உள்நோக்கி வளைந்திருத்தலால் வந்த பெயர் அது. கரடி நடந்து சென்ற ஈரமணலைப் பார்த்தவர் இப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். பூனையும் நாயும் விரல் நுனிகளால் நடப்பன. கரடி, மனிதனைப் போல, உள்ளங்கால் முழுவதையும் நிலத்திற் பதித்து நடப்பது. அதனால் அதன் பின்காற் சுவடு மனிதனின் வெறுங்காற் சுவட்டை ஒத்திருக்கும். நகத்தின் தடம் மட்டும் வேறுபாட்டைக் காட்டும்.

உடலமைப்பு

இலங்கைக் கரடி, இந்தியக் கரடியின் துணையினம். 1855இல் இதற்கு இனோர்நேற்றஸ் என்னும் பெயர் இடப்பட்டது. 'அணி குறைந்தது' என்பது அதன் பொருள். இந்தியக் கரடியைவிட இஃது ஓரளவு சிறியது, மயிரும் குட்டையானது. மார்பிலே வளைபிறை போன்ற வெளிறிய குறி உண்டு. ஆண் கரடி பொதுவாக 80 முதல் 140 கிலோக்கிராம் வரையும், பெண் கரடி 55 முதல் 100 கிலோக்கிராம் வரையும் நிறையுடையன என்பர். நம் நாட்டுக் கரடிகள் இவ்வெல்லைக்குள்ளே சிறியனவாகவே அமையும்.

மாணவர் அறிய வேண்டியது வாயின் அமைப்பே. கரடிகள் பெரும்பாலானவற்றுக்குப் பற்கள் 42. நமது கரடிக்கோ 40. மேல்வாயின் நடுவிலுள்ள வெட்டும்பற்கள் இரண்டும் இல்லை. ஷோ என்பாரை ஏமாற்றிய இவ்விடைவெளி குறையன்று. ஒரு குழாயின் வாய் ஆகும். அண்ணம் உட்குழிந்து வளைந்திருக்கும். உதடுகள் நீண்டு குவியக்கூடியவை. மூக்குத் துளைகளையும் அது விரும்பியபோது மூடிக்கொள்ள வல்லது. முன்காலின் நகங்கள் 6 முதல் 8 சதமமீற்றர் வரை நீண்டு, வளைந்து, நுனி மழுங்கி, மண்வெட்டி போல் அமைந்தவை. இவையனைத்தும் ஒரு தொழிலுக்காகக் கூர்ப்பு வழியே வந்தவை. அத்தொழில் கறையான் தின்றல்.

கறையான் புற்றைக் கண்ட கரடி முதலில் நகங்களால் அதனை இடந்து பெயர்க்கும். பின்னர் மூக்கை உட்செலுத்தி மூச்சை வலிய ஊதிப் புழுதியை அகற்றும். அடுத்து மூக்குத் துளையை மூடி, உதட்டைக் குழாய்போற் குவித்து, பல்லிடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். மீண்டும் ஊதும், மீண்டும் உறிஞ்சும். இவ்வோசை நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும் என்பர்.

இச்செய்தியை விஞ்ஞான நூலிற் கண்டபோது யாம் திடுக்கிட்டோம். ஏனெனில், இதனை யாம் முன்பே படித்திருந்தோம், கற்பித்தும் இருந்தோம். அகநானூற்றின் 81ஆம் பாட்டிலே ஓர் உளியம் வருகின்றது. இருப்பையின் இனிய பழத்தைத் தின்று தெவிட்டிய அது, கறையான் எழுப்பிய புற்றைத் தோண்டி இரை தேடுகின்றது. அதற்குப் புலவர் கூறும் உவமை கொல்லன் இரும்பு காய்ச்ச ஊதும் துருத்தி. ஊதுதலும் இழுத்தலுமாகிய துருத்தியினும் பொருத்தமான உவமையை இன்றைய விஞ்ஞானியும் தேடிக் காணல் அரிது. யாம் பாட்டைப் படித்தபோது உவமையைக் கோடிட்டுக்கொண்டோம், கரடியைக் காணவில்லை. உவமை, உவமேயம் எனப் பெயர் சொல்லிவிட்டு, மாணவரையும் அவ்வாறே செய்யப் பழக்கினோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புலவர், அல்லது அவருக்குச் சொன்ன ஒரு வேடர், இருட்காட்டில் அசையாது நின்று அவ்வோசையைக் கேட்டிருக்கின்றார் என்பது எம் நெஞ்சில் அப்போது உறைக்கவில்லை.

உணவும் நடமாட்டமும்

விலங்கியலார் கரடியை ஊனுண்ணி வரிசையிற் சேர்ப்பர். ஆயினும் நமது கரடி வேட்டையாடி உண்பது அரிது. கறையான், எறும்பு, தேன், பழம் என்பனவே அதன் உணவு. இறந்து கிடக்கும் விலங்கின் ஊனை ஒரோவழி உண்பதும் உண்டு. கரடி பிணத்தைத் தீண்டாது என யாம் சொல்லி வந்தது இதனாலும் பிழையாயிற்று.

பழங்களுட் பாலை, வீரை, நாவல் முதலியன அதற்கு உவப்பானவை. கொன்றையின் நீண்ட காயை உடைத்து உள்ளிருக்கும் இனிய சதையையும் உண்ணும். சிவபெருமானுக்குரிய கொன்றை மரத்தைக் காட்டிற் பரப்பும் தொண்டிலே கரடிக்கும் ஒரு பங்குண்டு. அது விழுங்கிய விதைகள் எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கின்றன. வைகாசி, ஆனி மாதங்களிற் பாலை பழுக்கும். அக்காலத்தில் வில்பத்துவிலும் யாலவிலும் கரடிகள் பகலிலேயே பாலைமரங்களில் ஏறிப் பழந்தின்பதைப் பயணிகள் காண்பர். ஆம், நமது கரடி நன்றாக மரம் ஏறும். தேனடையைத் தேடியும் ஏறும்.

ஏனைய காலங்களில் அது பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடும். பகலிற் பாறை முழைகளிலும் அடர்புதர்களிலும் உறங்கும். இரவில் இரைதேடிச் சென்று பாம்பு வாழும் புற்றைப் பெயர்க்கும் எண்கு நற்றிணையில் வருகின்றது. மலைமுழையிற் புகும் உளியம் திருமுருகாற்றுப்படையில் வருகின்றது. நம் இல்லங்களிலும் கோயில்களிலும் பாராயணம் செய்யப்படும் அந்நூல், பழமுதிர்சோலையின் அருவியை வருணிக்குமிடத்து, கரடியின் மயிரைப் பனையின் கரிய செறும்புக்கு ஒப்பிடுகின்றது. பனைநாட்டிற் பிறந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

குளிர்நாட்டுக் கரடிகள் மாரிகாலம் முழுவதும் முழையில் உறங்கிக் கிடக்கும். நம் நாட்டில் உணவு ஆண்டு முழுவதும் கிடைத்தலால் இக்கரடிக்கு அவ்வுறக்கம் இல்லை. வஸ்கமுவ தேசிய வனத்திற் சில கரடிகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டி அணிவித்து நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. அதன்படி பெண் கரடி சராசரியாக 2.2 சதுர கிலோமீற்றர் பரப்பிலும், ஆண் கரடி 3.8 சதுர கிலோமீற்றர் பரப்பிலும் நடமாடின. கரடிகளுக்கு இது மிகச் சிறிய பரப்பு. புற்றும் பழமரமும் நிறைந்த காடு இருப்பின் கரடி தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பது இதனாற் புலனாகும்.

தாயும் குட்டியும்

கரு உண்டானவுடன் வளரத் தொடங்காமல், முளையம் சிலகாலம் கருப்பையிற் பதியாதிருந்து பின்னரே பதிதல் கரடிகளின் இயல்பு. கருத்தரித்து ஆறு, ஏழு திங்களில் முழையினுள்ளே ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும். மூன்று பிறத்தல் அரிது. பிறந்தபோது அவை கண்திறவா. மூன்று வாரமளவிற் கண் திறக்கும். இரண்டு மூன்று திங்கள் ஆனதும் தாயுடன் வெளியே வரும்.

வெளிவரும்போது அவை நடந்து வருவதில்லை. தாயின் முதுகின்மேல் ஏறி வரும். குட்டிகளை முதுகிற் சுமத்தலை வழக்கமாகக் கொண்ட கரடியினம் இது ஒன்றே. தோளின் அடர்ந்த மயிரைக் குட்டிகள் பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்பது திங்கள் வரை தாய் இவ்வாறு சுமந்து திரியும். பின்னரும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு வரை குட்டிகள் தாயைப் பிரியா.

இவ்வழக்கத்துக்குக் காரணம் யாது? ஏனைய நாடுகளிற் சில கரடிகள், ஆபத்து வந்தவிடத்துக் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிடும். நம் காட்டிற் குட்டிக்குப் பகை சிறுத்தை. சிறுத்தையும் மரம் ஏறும். ஆகவே மரம் இங்கே அடைக்கலமாகாது. தாயின் முதுகே அடைக்கலம். இதே காரணத்தாற்றான் வளர்ந்த கரடியும் ஆபத்தில் மரமேறி ஒளியாமல் எதிர்த்து நிற்கப் பழகியது என ஆராய்ச்சியாளர் கருதுவர். மரமேற வல்லதாயினும், பழத்துக்கும் தேனுக்கும் ஏறுமேயன்றி உயிருக்கு அஞ்சி ஏறுதல் அரிது. மரத்தில் இருக்கும்போது ஆபத்தைக் கண்டால் இறங்கியே வரும். எம் மாணவனின் தந்தையாருக்கு நேர்ந்ததும் இதுவே.

கரடி ஏன் தாக்குகின்றது?

கரடியின் மோப்பம் மிகக் கூரியது. பார்வையும் கேள்வியும் அத்துணைக் கூரியன அல்ல. தலையைப் புற்றினுள் நுழைத்துத் துருத்திபோல் ஊதிக்கொண்டிருக்கும்போது மனிதன் வரும் காலடி அதற்குக் கேளாது. காற்று எதிர்த்திசையில் வீசுமாயின் மோப்பமும் உதவாது. இவ்வாறு சில அடி தூரம் வரை ஒருவரையொருவர் அறியாது நெருங்கிவிட்டால், கரடி திடுக்கிடும். திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதே மிகுதி. குட்டி உடனிருப்பின் ஐயமே இல்லை.

தாக்கும்போது அது பெரும்பாலும் தலையையும் முகத்தையுமே குறிவைக்கும். பின்கால்களில் எழுந்து நிற்றல், மனிதனைக் கட்டிப்பிடித்து நெரிப்பதற்கு எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. எதிரில் இருப்பது யாது எனக் காணவும் முகரவுமே பெரும்பாலும் எழுந்து நிற்கும். மனிதனை இரையாகக் கொள்ளும் நோக்கம் அதற்கில்லை. அச்சத்தின் விளைவே அத்தாக்குதல். இரு தரத்தாரும் அஞ்சிய இடத்தில் நகமுடையவர் வெல்கின்றனர், அவ்வளவே.

கதை பிழையா?

அவ்வாறாயின் ஈசாப்பின் கதை பொய்யோ எனின், அன்று. இதனை உணர எமக்கு நெடுநாள் சென்றது. அக்கதை கிரேக்க நாட்டது. கிரேக்கத்தின் வடபகுதி மலைகளில் இன்றும் வாழ்வது பழுப்புக் கரடி. வளர்ந்த பழுப்புக் கரடி உடல் பருத்தது. அதன் நகங்கள் நீண்டு நேராக அமைந்தவை. மரமேறுதலில் அது வல்லதன்று. அச்சத்தாற் பாய்ந்த பழுப்புக் கரடி, எதிரி அசைவற்றுக் கிடந்தால் ஆபத்து நீங்கியதெனக் கருதி விலகிச் செல்லுதலும் உண்டு. ஆகவே கதை கட்டியவர் தம் நாட்டுக் கரடியை நன்கு அறிந்தவரே. தம் நாட்டு மரத்தையும், தம் நாட்டுக் கரடியையும் வைத்தே கதை சொன்னார். பிழை கதையிலன்று. வேற்றுநாட்டுக் கரடியை வன்னிக் காட்டிற் கொண்டுவந்து விட்ட எம்மிடமே பிழை.

நண்பனைக் கைவிடல் ஆகாது என்னும் படிப்பினை எந்நாட்டுக்கும் பொருந்தும். மரத்தில் ஏறுக என்னும் உபாயம் எந்நாட்டுக்கும் பொருந்தாது. அறம் கடல் கடந்து செல்லும். கரடி அவ்வாறு செல்லாது. கதை கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் கடன். யாம் அக்கடனைச் செய்யவில்லை.

திருத்தப்பட்ட பாடம்

இக்கட்டுரையைக் காணும் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் காட்டோரத்து ஊர்களிற் பிறந்தவர் பலர். பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் விறகுக்கும் காடு செல்லுதல் அவர் இல்லங்களில் இன்றும் உண்டு. அவர்பொருட்டு, ஆராய்ச்சியாளரும் காடறிந்த முதியோரும் கூறுவனவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

காட்டுக்குத் தனியே செல்லற்க. இருவர் மூவராய்ச் செல்க. பேசியோ பாடியோ ஒலி எழுப்பிக்கொண்டு செல்க. ஒலி கேட்ட கரடி தானே விலகும். பழக்காலத்தில் மரத்தடிக்குச் செல்லுமுன் மேலே நோக்குக. அடிமரத்திற் புதிய நகக்கீறல் உண்டோ எனவும் காண்க. புதிதாகப் பெயர்க்கப்பட்ட புற்றைக் கண்டால் கரடி அண்மையிலிருக்கலாம் என அறிக. பாறை முழையினுள் எட்டிப் பார்த்தல் தகாது. குட்டியைக் கண்டால் வந்த வழியே மெல்லத் திரும்புக. தொலைவிற் கரடியைக் கண்டால் ஓடற்க. மனிதனிலும் விரைந்து ஓட வல்லது அது. மரத்திலும் ஏறற்க. பாய்ந்து தாக்குமாயின், முகங்குப்புற விழுந்து, இரு கைகளாலும் பிடரியையும் தலையையும் மூடிக்கொண்டு, அது அகலும்வரை அசையாது கிடக்க. கதையிலே பிணம்போற் கிடந்தவனின் உபாயம் இவ்வளவிற்குப் பொருந்தும். ஆயின் முகத்தை மறைத்துக் கிடத்தல் வேண்டும்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கரடி மனிதனுக்கு அஞ்ச வேண்டிய காரணங்கள் இன்னும் மிகுதி. 2007இல் வெளியான ஆய்வொன்றின்படி இத்தீவின் நிலப்பரப்பில் 17 வீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே கரடிகள் எஞ்சியிருந்தன. அவற்றின் தொகை 500 முதல் 1,000 வரை இருக்கலாம் என அவ்வாய்வாளர் மதிப்பிட்டனர். கரடி உலர்வலயத்துத் தாழ்நிலக் காடுகளுக்கு உரியது. காடு அழிந்து துண்டுபட்ட இடத்தில் அது நிலைப்பதில்லை. யானையைப் போலவோ சிறுத்தையைப் போலவோ அதனைப் போற்றிப் பேசுவாரும் மிகச் சிலரே. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அதனைக் காக்கின்றது. ஆயினும் அச்சத்தாற் சுடப்படுவதும், பிற விலங்குக்கு வைத்த கண்ணியில் அகப்படுவதும் உண்டு. தீவு முழுவதற்கும் ஆயிரம் அளவே எனின், எமது கல்லூரியின் காலைப் பிரார்த்தனையிற் கூடும் மாணவர் தொகையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க.

சிவபூசையிற் கரடி புகுந்தாற்போல என்னும் பழமொழியை நாம் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். கரடி என்பது இங்கே விலங்கன்று, கரடிகை என்னும் பறையே எனக் கூறுவாரும் உளர். கரடி கத்துவது போன்ற ஒலியுடைமையால் அப்பறைக்கு அப்பெயர் வந்தது என்பது சிலப்பதிகார உரையாற் பெறப்படும். எவ்வாறாயினும், இன்று பூசையிற் புகுந்தவர் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பழமும் புற்றும் தேனும் கொண்டு தன்போக்கில் வாழும் விலங்கின் இல்லத்துள் நாமே புகுந்திருக்கின்றோம்.

இவ்வெண்ணம் எமக்கு நூலிலிருந்து வந்ததன்று. மேலே கூறிய மாணவனின் தந்தையார் ஒரு முறை பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். தோளிற் கிடந்த துவாயால் முகத்தின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு வகுப்பறை வாயிலில் நின்றார். யாம் கற்பித்த பிழையை அவரிடம் ஒப்புக்கொண்டோம். அக்கரடியின்மேல் அவருக்குள்ள சினம் பெரிதாயிருக்கும் என எண்ணி, ஆறுதலாகச் சில சொல்லவும் தொடங்கினோம். அவர் இடைமறித்தார். "அது என்னைத் தேடி வரேல்லை ஐயா. நான்தான் அதின்ரை சாப்பாட்டு மரத்துக்குக் கீழை போனனான்" என்றார். பின்னர், மகனின் தமிழ்ப் புள்ளி எவ்வாறுள்ளது என வினவினார்.

அம்மாணவன் இக்கல்லூரியிற் கற்று வெளியேறி இன்று பழைய மாணவர்களுள் ஒருவனாகிவிட்டான். இம்மலர் அவன் கைக்கும் செல்லும். இரு நண்பரின் கதையை யாம் இன்றும் ஆறாந் தரத்திற் சொல்லுகின்றோம். சொல்லி முடித்தபின், "இது கிரேக்க நாட்டுக் கரடி; இனி நம் நாட்டுக் கரடியைப் பார்ப்போம்" எனக் கூறிப் பாலைமரம் ஒன்றைக் கரும்பலகையில் வரைகின்றோம். மரத்தின் அடியில் மனிதன், கிளையிலே கரடி. அப்போது ஒரு மாணவனாவது எழுந்து வினா எழுப்புகின்றான். முன்னர் எம்மிடம் கற்றோரும் தம் ஏட்டில் இத்திருத்தத்தைக் குறித்துக்கொள்வாராக.